கூட்டேரிப்பட்டு மைல்கல்லில் நிற்காத வண்டி

நீ ஓட வைத்த வண்டியில் உன்னை உட்கார விடவில்லை. நடந்த தவறு அதுதான். பன்னிரண்டு வருடம் மூச்சில்லாமல் கிடந்ததை நீ எழுப்பினாய். எழுப்பியவனை நடுரோட்டில் விட்டுவிட்டு அது போய்விட்டது. அதன் முன்பலகையில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. அந்தத் தகட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, பொறுமையும் இல்லை.

இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை எடுத்தேன். சுற்றியிருந்த கோணித் துண்டைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. சென்னைக்காரர்கள் நிலக்கடலை என்பார்களே, அந்த மல்லாட்டை எண்ணெய் கருகிய வாசனை. இத்தனை நாள் கழித்தும் போகவில்லை. வளைந்த இரும்பு, பிடியில் உன் கை தேய்த்த வழவழப்பு. இதை முன்னால் செருகிச் சுற்றினால்தான் அந்த வண்டி கிளம்பும். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் வந்து வண்டியை வாங்கிக்கொண்டு போகப் போகிறார். ஹேண்டில் வேண்டும் என்று மில்லிலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டது. நான் கொடுக்கவில்லை. எழுத உட்கார்ந்ததிலிருந்து நான்கு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. நின்றால் கை எதையாவது பிடித்துத் திருகப் பார்க்கிறது.

'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவருக்கு எழுதுவதுபோல் இருந்தது, அடித்துவிட்டேன். நீ என்னைவிட இரண்டு வயது பெரியவன். ஆனாலும் நீதான் என்னை 'அண்ணே, வாங்க, சொல்லுங்க' என்றாய். நான் உன்னை 'டேய், வாடா' என்றேன். என் அப்பாவுக்கு நாலு காணி நிலம் இருந்தது, உன் அப்பாவுக்கு இல்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது.

வண்டியின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் உன்னிடமிருந்து மறைத்தேன்.

திண்டிவனத்தில் அந்த எண்ணெய் மில்லுக்கு நான் என்ஜின்காரனாகப் போய்ச் சேர்ந்த காலம். யாரும் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததில்லை. கழற்றிப் பார்த்தேன், மாட்டத் தெரியாமல் முழித்தேன், மறுபடி கழற்றினேன். அப்படிக் கற்றதுதான் எல்லாம். மில்காரரின் மகன், நாம் சின்னவர் என்று சொல்வோமே, அவர் பாண்டிச்சேரிக்குப் போய், ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு பிரெஞ்சுக்காரத் துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டே ஆள் உட்காரலாம். கூரை கிடையாது. நீள மூக்கு, அதைக் குதிரைக்குச் சேணம் கட்டுவதுபோல் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். பந்தயத்துக்கென்றே செய்தது. ஊருக்குள் நுழைந்தபோது மாடுகள் முளைக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. எட்டு மாதம் ஓட்டினார். ஒருநாள் ஓலக்கூர் பக்கம் ஒரு பாலத்துச் சுவரில் உரசி, மூக்கு நசுங்கி, நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவர் அப்பா, பெரியவர், ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டியைக் கிடங்குக்குள் தள்ளச் சொன்னார். அதைச் சுற்றி மல்லாட்டை மூட்டையை அடுக்கச் சொன்னார். அடுத்த மாதம் மகனை ரங்கூனில் இருந்த சொந்தக்காரர் கடைக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்.

இனி நீ அறியாத பாதி. இல்லை, நீ அறிந்தும் சொல்லாத பாதி.

எங்கள் மில்லில் ஆயுதபூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் மில் எண்ணெயில் ஒரு உழக்கு படைப்போம். பெரிய என்ஜினுக்கு, அரைக்கிற இயந்திரத்துக்கு, உமி ஊதுகிற விசிறிக்கு, தராசுக்குக்கூட. அந்த வருடம் பெரியவர் கிடங்குப் பக்கம் பார்த்து, "அதுவும் நம்மகிட்ட இருக்கற மிஷினு தானே, அதுக்கு மட்டும் எதுக்கு வஞ்சன?" என்றார். எங்கே ஊற்றுவது என்று மேஸ்திரி என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லிப் பழகாதவன் நான். தோல்வாரை அவிழ்த்து, மூக்கைத் திறந்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அந்த ஓட்டைகளைக் காட்டினேன். "இதோ, இதுதான் அதுக்கு வாய். துருப்பிடிக்காது" என்றேன். ஊற்றினார்கள். குங்குமம் வைத்தார்கள். அதற்கப்புறம் வருடா வருடம் ஒரு உழக்கு. ஒரு வருடம் மேஸ்திரி தானாகவே பெட்ரோல் தொட்டியிலும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறான், வயிறு நிறையட்டும் என்று. நான் பக்கத்தில் கைகட்டி நின்று கற்பூரம் ஒற்றிக்கொண்டேன்.

யுத்தத்தில் ரங்கூன் விழுந்தது. சின்னவர் காடு மலை எல்லாம் நடந்து திரும்பி வந்தார். வரும்போது அவருக்குக் கன்னம் இல்லை, எலும்புதான். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். சின்னவர் ஒருநாள் கிடங்கில் மூட்டைமேல் உட்கார்ந்து எங்களிடம் சொன்னார். வழியில் ஒரு லாரி வந்ததாம். பாதி காலியாம். இவரும் கூட வந்தவர்களும் கையைக் கையை ஆட்டினார்களாம். அது நிற்கவில்லையாம். "பசி மறந்துடும். அந்த லாரிக்காரன் மூஞ்சி மட்டும் மறக்க மாட்டேங்குது" என்று சொல்லி அழுதார். நான் தேற்றினேன். அதை நீ நினைவில் வைத்துக்கொள். நான் பின்னால் அங்கே வருவேன்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் கொஞ்சம் கிடைக்கத் தொடங்கியதும், மூட்டையை நகர்த்தச் சொன்னார். "இதக் கிளப்பிக் குடு. வேற ஒண்ணும் எனக்கு வாணாம்" என்றார். ஒரு மாதம் தனியாகப் போராடினேன். ஹேண்டிலைச் செருகித் தொங்கினால்கூட அசையவில்லை. என்ஜின் முழுதும் ஒரே இரும்பாய் இறுகிக் கிடந்தது. யாரிடமும் போய் நிற்க மாட்டேன் என்று இருந்தவன், கடைசியில் பாசஞ்சர் பிடித்து விழுப்புரம் வந்து, நீ ரயில் என்ஜின் பழுதுபார்த்த லோகோ ஷெட் வாசலில் நின்றேன். மில் என்ஜினில் வால்வு உடைந்த வருடம், யாரோ சொல்லி நீ வந்து கடைசல் பிடித்துக் கொடுத்தாயே, அன்று பார்த்ததுதான் பழக்கம். கரியும் எண்ணெயுமாக வெளியே வந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"ஒரு மாசம் கய்ச்சி வந்துகிறீங்க. நா ஒரு வாரத்துல வருவீங்கன்னு நெனச்சேன் அண்ணே."

"உனக்கு யார்ரா சொன்னது?"

"அந்தக் காரு சேதி திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வர்றதுக்கு ரயிலு எதுக்கு."

ஓய்வு நாள்தோறும் வந்தாய். முன்வாசல் உனக்கு இல்லை. புண்ணாக்கு ஏற்றுகிற பின்பக்கச் சந்து வழியாக வந்தாய். யாரும் அதை ஒரு செய்தியாகவே பேசவில்லை, நானும்தான்.

முதல் நாள் என்ஜின் மூடியைக் கழற்றினோம். உள்ளே தேன்மெழுகுபோல், புளியம்பிசின்போல் மஞ்சள் கறுப்பாய் ஏதோ இறுகிக் கிடந்தது. சின்னவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீ சுரண்டி எடுத்து, விரலில் தேய்த்து, மூக்கில் வைத்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"இன்னாடா அது? எவன்டா இதுல என்னத்த ஊத்தினது?" என்றார் சின்னவர்.

"யாரும் ஊத்தலிங்க. பழைய என்ஜின் எண்ணெதான். வருஷக்கணக்கா ஓட்டாம வச்சா இப்படித்தான் பிசினாப் பூடும்" என்றாய்.

அவர் போனதும் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.  நீதான், துணியில் விரலைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வருஷம் படையல வெளியிலயே வையுங்க அண்ணே. உள்ள வாணாம்" என்றாய். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. என் வேலையை, என் பெயரை, பன்னிரண்டு வருட என் தலைநிமிர்வை ஒரு பொய்யால் காப்பாற்றிக் கொடுத்தாய். அந்தப் பொய்க்கு நான் நன்றி சொன்னதில்லை. சொன்னால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா.

எனக்கு எல்லாம் உடனே நடக்க வேண்டும். காஸ்டிக் சோடா கரைத்து நெல் அவிக்கிற அண்டாவில் என்ஜினைப் போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரே பொழுதில் பிசின் கரைந்துவிடும் என்றேன். உங்கள் ஷெட்டிலேயே அப்படித்தானே செய்கிறீர்கள் என்று மடக்கினேன்.  பிஸ்டன் ஓரத்தில் அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, அந்தத் தூளைச் சோடாத் தண்ணீரில் போட்டுக் காட்டினாய். பொரி வறுத்ததுபோல் நுரைத்துக் காணாமல் போனது.

"இது நம்ம இரும்பு இல்ல அண்ணே. வெள்ள உலோகம், அலுமினியம். அண்டாவுல போட்டா காலைல நீங்க கஞ்சிதான் மொண்டு குடிக்கணும்."

மண்ணெண்ணெய் ஊற்றினாய். காத்திரு என்றாய். வாரம் ஒருமுறை சுரண்டி, துடைத்து, மறுபடி ஊற்றினாய். கியரைப் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னாய். தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே இருந்தோம். நான் கத்துவேன், சக்கரத்தை உதைப்பேன், போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். நீ அதே வேகத்தில் ஆட்டிக்கொண்டிருப்பாய். ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, உள்ளே 'டக்' என்று ஒன்று விட்டது. பிஸ்டன் ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது. நீ தரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தாய். "முழிச்சிக்கிச்சி" என்றாய். நான் அழுதுவிட்டேன். மண்ணெண்ணெய்க் கை கண்ணில் பட்டது என்று சொன்னேன். நீ நம்பியதாகக் காட்டிக்கொண்டாய்.

தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோ ஈரம் ஏறிச் செத்துக் கிடந்தது. வெயிலில் வைத்தால் அரக்கு உருகும், அடுப்பில் வைத்தால் கருகும். நீ அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு மேலே உறியில் கட்டித் தொங்கவிட்டாய், கருவாட்டுக்குப் பக்கத்தில். மூன்று வாரம். பார்க்க வந்தபோது உன் மனைவி கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இத எப்ப எறக்கறதுன்னு சொல்லிட்டுப் போங்க. பூன ராவும் பகலும் அண்ணாந்து பாத்துக்கினு கீது" என்றாள்.

"அது இன்னும் ஒரு வாரம் காயணும்மா" என்றேன்.

"காயட்டும். கொழம்புல போட்டா எத்தினி பேருக்கு வரும்?"

நீ சிரித்த சிரிப்பில் புரையேறியது. அன்று உன் வீட்டில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பசியில்லை என்றேன். அவள் களிக்கு மூடி போட்டுவிட்டாள். பசிதான் எனக்கு.

இருக்கையைப் பற்றி எழுதாமல் முடியாது. வண்டிக்கு அடியில் நீ படுக்கலாம். மூக்குக்குள் தலையை விடலாம். ஆனால் அந்தத் தோல் இருக்கையில் உட்காரக் கூடாது. சின்னவர் ஒரு நாளும் வாயால் சொல்லவில்லை. மேஸ்திரிதான், "சீட்டுல எண்ணெ ஆயிடும், பாத்துக்கோ" என்று உன்னிடம் மட்டும் சொன்னான். என் வேட்டியில் உன்னுடையதைவிட இரண்டு மடங்கு எண்ணெய் இருந்தது. நான் உட்கார்ந்தேன், நீ ஹேண்டில் சுற்றினாய். எப்போதும் அப்படித்தான். கார் ஓட்டிப் பழக உனக்கு ஆசை. கதவுக்கு வெளியே நின்று, கையை உள்ளே நீட்டி கியர் மாற்றிப் பழகினாய். காலுக்கு என்ன செய்வாய்? தரையில் மூன்று செங்கல் வைத்து மிதித்துக்கொண்டாய். ஒருநாள் யாரும் இல்லாதபோது, "உக்காந்துதான் பாரேன்டா" என்றேன்.

"ஓடும்போது உக்காந்துக்கறேன் அண்ணே. நின்னுக்கினு இருக்கற வண்டில உக்காந்தா அது கட்டிலு."

அப்போதுதான் உனக்கு வாக்குக் கொடுத்தேன். நீ கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். முதல் ஓட்டம் விழுப்புரம் ரோட்டில். சின்னவருக்குக் கூட்டேரிப்பட்டில் பங்காளி வீடு இருக்கிறது, அதுவரை அவர் என்கூட வருவார். அங்கே இறங்கிக்கொள்வார். நீ முன்னாலேயே பஸ் ஏறிப் போய் அங்கே நில். அவர் இறங்கியதும் நீ ஏறு. ஊரைத் தாண்டியதும் இடம் மாற்றிக்கொள்வோம். விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரத்துக்குள் உன் கையால் ஓட்டிப் போய், லோகோ ஷெட் வாசலில் ஹாரன் அடி. இது நான் சொன்ன வார்த்தை. எழுத்துக்கு எழுத்து எனக்கு நினைவிருக்கிறது.

என்ஜின் முதன்முதலில் வெடித்துப் பிடித்த நாளைச் சொல்ல வேண்டும். நீ சுற்றினாய், நான் உள்ளே. நாலாவது சுற்றில் இருமியது, ஆறாவதில் பிடித்தது. பின்னால் நீலப் புகை மண்டிக் கிடங்கை நிறைத்தது. உள்ளே மிச்சமிருந்த பன்னிரண்டு வருடப் படையலும் சேர்ந்து எரிந்ததில் மில் முழுதும் வடை வாசனை. மல்லாட்டை உடைக்கிற பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். "யாரு வூட்ல விசேஷம்? எங்களுக்கு ரெண்டு எடுத்து வையுங்க" என்றாள் ஒருத்தி. நீ ஹேண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "பொறுங்க, காரு இப்பத்தான் வாணலி வச்சிக்கீது" என்றாய்.

பிறகு அந்த நாள் வந்தது.

நீ காலையிலேயே, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் போய்விட்டாய். புதிதாய்த் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். நாங்கள் கிளம்பினோம். வண்டி பறந்தது. சின்னவர் ரங்கூனை மறந்து சிரித்தார். கூட்டேரிப்பட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது விக்கி விக்கி நின்றுவிட்டது, ஒரு மைல்கல் பக்கத்தில். நான் சுற்றினேன், உதைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் நீ ஓடி வந்தாய். சத்தம் வந்துகொண்டே இருந்து அறுந்ததைக் கேட்டிருக்கிறாய்.  சட்டையைக் கழற்றிப் புளியங்கிளையில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தாய். பெட்ரோல் குழாயை வாயில் வைத்து ஊதினாய். ஒரு பிசின் துண்டு வந்து விழுந்தது. தொட்டியில் ஊற்றிய படையல். அதை என் கண் முன்னால் எடுத்துக் காட்டாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டாய். பார்த்துவிட்டேன்.

ஹேண்டில் சுற்றினாய். சூடான என்ஜின் பிடிகொடுக்கவில்லை. ஹேண்டிலை மைல்கல் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினாய். இருபது முப்பது அடி. பிடித்துக்கொண்டது.

சின்னவர் சொன்னார்: "நிறுத்தாத. ஓட்டு. அப்படியே விழுப்புரம் போயிடலாம்."

நான் ஓட்டினேன்.

நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று பயந்தேன் என்று இதுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். என்ஜின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பாவிட்டாலும் கிளப்பத் தெரிந்தவன் நீ அங்கேயே நின்றாய். நிறுத்தினால் சின்னவரிடம் 'இறங்குங்கள்' என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாய். கை ஆட்டவில்லை. கூப்பிடவில்லை. கூட்டேரிப்பட்டுக் கூட்டுரோட்டைத் தாண்டும்போதும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

விழுப்புரத்தில் லோகோ ஷெட் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். உன் கூட்டாளிகள். நீ சொல்லி வைத்திருக்கிறாய். வண்டி வந்ததும் விசில் அடித்தார்கள். அப்புறம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். விசில் நின்றது. ஒருவன் கிட்டே வந்து கேட்டான்: "நம்மாளு எங்க?"

"ரயில்ல வர்றான்" என்றேன்.

நீ மயிலம் ஸ்டேஷன் வரை நடந்து, நிஜமாகவே ரயிலில் வந்தாய்.

அடுத்த ஓய்வு நாளில் சந்து வழியாக நீ வந்தபோது நான் என்ஜின் அறைக்குள் போய்விட்டேன். தேடி வந்தாய். கோணித் துண்டில் சுற்றிய ஹேண்டிலை நீட்டினாய்.

"இத ரோட்லயே வுட்டுட்டுப் பூட்டீங்க அண்ணே."

நான் வாங்கிக்கொண்டேன்.  திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஏதோ ஒன்று உடைந்து ஓடியிருக்கும்.

"மூணு மைலு வரைக்கும் சத்தம் கேட்டுச்சி. நாலாவது சிலிண்டரு எடறுது. பாத்துடலாம்" என்றாய். பார்த்துச் சரிசெய்தாய். அதற்கப்புறம் நீ வரவில்லை.

சின்னவர் பித்தளைத் தகடு அடித்தார். இந்த வண்டிக்கு உயிர் கொடுத்தவர் என்று போட்டு, கீழே என் பெயர். உன் பெயரும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து மினுக்கி வைத்தவனும் நான்தான். ரோட்டில் யாராவது குனிந்து படித்தால் தொண்டையைச் செருமிக்கொள்வேன். போன மார்கழியில் உனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்ததும், மூன்றாம் நாள் நீ போய்ச் சேர்ந்ததும், எட்டு நாள் கழித்து எனக்குத் தெரிந்தது. பாசஞ்சர் ரயிலில் ஷெட் ஆள் ஒருவன் சொன்னான். அன்றிலிருந்து நான் தகட்டைத் தொடவில்லை. பச்சை பிடித்துக் கிடக்கிறது.

நேற்று மறுபடி மேஸ்திரி வந்தான்.

"நைனா, ஜல்தி குடுத்துடு. வெள்ளிக்கெழம ஆளு வர்றாரு. ஒரு கம்பிக்கு இன்னா இவ்ளோ பேஜாரு?"

"கம்பிதானே. இல்லாம எடுத்துக்கினு போகச் சொல்லு."

"தள்ளிக் கெளப்பிக்குவோம்."

"கெளப்பு. வாங்க வர்றவரு எதிர்ல தள்ளிக் காட்டு. தள்ளி ஓட்டற வண்டிய வாங்கத்தான் அவரு சென்னைலேர்ந்து வர்றாரு."

மாலையில் சின்னவரே வந்தார். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆயுதபூஜை எண்ணெயிலிருந்து சொன்னேன். அவர் முகம் மாறியது. அது எனக்கு வேண்டியிருந்தது. பிறகு கேட்டேன்: "பர்மாலேர்ந்து நடந்து வந்தவரு நீங்க. ரோட்ல நிக்கறவன வுட்டுட்டுப் போனா எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

 எழுந்தபோது, "ஓட்டினது நீதானே" என்றார்.

"ஆமா. அதனாலதான் இந்தத் தப்புல எம்பேரும் இருக்குது" என்றேன்.

ஹேண்டிலுக்கு ஈடாக நான் கேட்டவற்றுக்கு இன்று மதியம் அவரிடமிருந்து செய்தி வந்தது. தகடு மாற்றலாமாம். முன்வாசலையும் இருக்கையையும் உன் மனைவிக்குத் திறப்பது வேண்டாமாம், ஊர் ஒரு மாதிரி பேசுமாம். பாதிக்கு நான் சம்மதிக்கிறவன் இல்லை. ஆகவே மேஸ்திரி கையில் கொடுத்தனுப்பிய பட்டியலை உனக்கும் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நடக்க வேண்டியவை இவை.

சின்னவர் செய்ய வேண்டியது: அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டும். புதிய தகட்டில் உன் பெயர் மட்டும் இருக்க வேண்டும். வாங்குகிறவரிடம் இந்தப் பெயர் யாருடையது என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

மேஸ்திரி செய்ய வேண்டியது: மில்லின் முன்வாசல் கதவு இரண்டையும் திறந்து வைக்க வேண்டும். சந்துப் பக்கம் கை காட்டக் கூடாது. இருக்கையின் மேல் துணி எதுவும் விரிக்கக் கூடாது.

நான் செய்ய வேண்டியது: நாளை முதல் பாசஞ்சரில் விழுப்புரம் போக வேண்டும். உன் மனைவியிடம் நான் நிறுத்தவில்லை என்று சொல்ல வேண்டும், ஏன் நிறுத்தவில்லை என்றும். அவள் என்ன சொன்னாலும் நின்று கேட்க வேண்டும். களி வைத்தால் சாப்பிட வேண்டும். என்னோடு திண்டிவனம் வந்து, மில்லின் முன்வாசலிலிருந்து லோகோ ஷெட் வரை அந்த வண்டியில் வருகிறாயா என்று கேட்க வேண்டும். வரமாட்டேன் என்றால் அது அவள் இஷ்டம், வற்புறுத்தக் கூடாது. அப்போதும் வண்டி போகும், உன் இடம் காலியாக.

லோகோ ஷெட்டில் உன் கூட்டாளிகள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஒருமுறை வந்து நின்றார்கள், போதும். ஹாரன் சத்தம் கேட்டு வந்தால் வரட்டும்.

ஷெட்டுக்குப் போகிற வழியில், கூட்டேரிப்பட்டுக்கு ஒரு மைல் முன்னால், அந்த மைல்கல் பக்கத்தில் நான் வண்டியை நிறுத்த வேண்டும். என்ஜினை அணைக்க வேண்டும். உன் மனைவி வந்தால் இருக்கையிலேயே இருக்க வேண்டும். ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கி, முன்னால் போய்க் குனிந்து சுற்ற வேண்டியவன் நான்.